வீட்டில் கேட்கும் சத்தம்

"பாட்டு கிளாஸ்ல இன்னாத்துக்கு மிஸ் கட்டுரை?" என்று ஒன்பதாம் வகுப்பு முணுமுணுத்தது.

"காது வேலை செய்யுதான்னு பாக்கத்தான். உங்க வீட்ல கேக்குற சத்தத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க," என்றார் வாணி டீச்சர்.

மறுநாள் தாராவின் நோட்டை மட்டும் இரண்டு முறை படித்தார்.

'ராத்திரி ஏழரைக்குக் குக்கர் விசில். அப்புறம் பாட்டு. எட்டு மணிக்கு இரண்டு தட்டு வைக்கும் சத்தம். "ஏங்க, உப்பு போதுமா?" என்று கேட்பார்கள். அவருடைய பதில் மட்டும் எனக்குக் கேட்டதே இல்லை.'

"அம்மா நல்லா பாடுவாங்களா தாரா?"

"அது அம்மா இல்ல மிஸ். அம்மாவும் அப்பாவும் பெங்களூர் வேலைக்குப் போயிட்டு பத்து மணி ரயில்லதான் வருவாங்க. சத்தம் பின்னாடி வீட்டுது. முதுகோட முதுகு ஒட்டுன லைன் வீடு இல்லியா, ரெண்டுக்கும் ஒரே செவுருதான். அவங்க உப்பு கேக்கும்போதுதான் நானும் சாப்புட உக்காருவேன்."

"எந்த லைன்?"

"ஊரிகம், மூணாவது லைன். கடைசி வீடு."

வாணி மார்க் போடாமலே நோட்டை மூடிக் கொடுத்தார்.

அன்று இரவு எட்டு மணிக்கு, அந்தச் சுவருக்கு மறுபக்கம், நான்காவது லைன் கடைசி வீட்டில் அவர் இரண்டு தட்டுகளை வைத்தார். கணவர் இறந்து இரண்டு வருடமாகியும் விடாத பழக்கம். பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தார்.

"தாரா, உப்பு போதுமா?"

காத்திருந்ததுபோல் உடனே பதில் வந்தது.

"போதும் மிஸ். நீங்க சாப்புடுங்க."