கண்ணாடிக் கதவுக்கு மூன்றாவது அறிவிப்பு

சலவைக் கடையின் கண்ணாடிக் கதவில், கிழித்தெடுத்த இரண்டு அறிவிப்புகளின் பசைத் தழும்புகள் மத்தியான வெயிலில் மின்னுகின்றன. கடைக்காரர் மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறார். உள்ளே துவைக்கும் இயந்திரம் தடதடக்க, அதற்கு ஈடாக அவர் காலும் ஆடுகிறது. 'சுறுசுறுப்பான, சிரித்த முகமுள்ள ஆள் தேவை.' தேய்ப்பு மேசைக்குப் பின்னால் அவர் மனைவியின் தங்கை, ஏழு மாத வயிற்றோடு, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். ஒரு ஆள் நிலைத்தால்தான் அவள் வீட்டோடு இருக்க முடியும். முன்பு வந்த இருவரும் இரண்டாம் நாளே கம்பி நீட்டிவிட்டார்கள். "சிரிச்ச முகத்தை வச்சா சட்டை தேய்க்கப்போறீங்க, மாமா?" என்கிறாள். "உள்ளதை எழுதுங்க. இஸ்திரிப் பெட்டி ஆவி மூஞ்சியில அடிக்கும். பெட்டி ஆறிடும்னு ஃபேன் போட மாட்டோம். நாள் பூரா நிக்கணும்." "இதைப் படிச்சா ஈ காக்கா கூட வராதும்மா." "படிச்சிட்டு வர்றவங்க ஓட மாட்டாங்க." பெட்டியிலிருந்து புஸ்ஸென்று எழும் ஆவி அவள் முகத்தை மறைக்கிறது. அவர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுக்கிறார். ஆவியும் ஃபேனும் மளமளவென்று எழுத்தில் வந்துவிடுகின்றன. 'நாள் முழுக்க நின்றுகொண்டே' என்ற இடத்தில் பேனா நகர மறுக்கிறது. ஆடிக்கொண்டிருந்த காலும் ஓய்கிறது. கடையில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து, அதைக் காலால் மெல்ல அவள் பக்கம் தள்ளுகிறார். அவள் நிமிரவில்லை, கையில் பாதி தேய்த்த சட்டை. மீதியை அவர் நின்றுகொண்டே எழுதுகிறார்.