எழுதியவரே அழிக்க வேண்டும்

"கடைசி வரிய அழிங்க" என்றார் வந்தவர்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விரலிடுக்கில் பீங்கான் மண் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. யாரோ சொல்லக் கேட்டு, செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அவர் காட்டியது எங்கள் கிளை நூலகத்தின் கரும்பலகையை. விடுமுறைக்கு விடுமுறை நாங்கள் மூன்று பேரும் அதில் ஆளுக்கு ஒன்று எழுதுவோம். பார்க்க ஒரு படம், ஒரு தொடர், கேட்க ஒரு பாட்டு. போன தீபாவளிக்கு முன்னால் பெண்ணாடத்திலிருந்து மாற்றலாகி வந்த கையோடு நான் ஆரம்பித்து வைத்த வேலை இது. நூலகத்தில் சினிமாவா என்று வாசகர் வட்டத்தில் ஒருவர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கோடைக்கு நான் ஒரு சிரிப்புப் படத்தை எழுதியிருந்தேன். உதவியாளர் ஜெயராஜ் தீபாவளிக்கு எழுதிய அதே தொடரையே மறுபடியும் எழுதியிருந்தார். கதையே நகரவில்லை, நான் மட்டும் ஏன் நகர வேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசி வரி கொளஞ்சியம்மாளுடையது. புத்தகம் அடுக்கி, கூட்டிப் பெருக்குகிறவர். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நழுவியவர், இந்த முறை தானாகவே வந்து சாக்பீஸ் கேட்டார்.

"கேட்க: மோகனப்பிரியா பாடிய புதுப் பாட்டு. யூடியூப்பில் இருக்கிறது. காதில் மாட்டிக்கொண்டு கேட்கவும்."

நானும் கேட்டேன். மேளம் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் குரல் இருக்கிறது. யாருக்கும் அடங்காத குரல்.

இந்தப் பாட்டில் என்ன குற்றம் கண்டீர்கள் என்று வந்தவரைக் கேட்டேன். பாட்டு எப்படியோ போகட்டும், பேரை அழிக்கச் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்பிள்ளை மைக்கைப் பிடித்தாலே சிலருக்கு வயிறு எரியும். அந்த ரகம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பலகையில் எழுதியவரேதான் அழிக்க வேண்டும். இன்னொருவர் வரியில் கை வைக்கக் கூடாது. அதைச் சொன்னேன். கலெக்டரே வந்து நின்றாலும் இதுதான் பதில் என்றும் சொன்னேன். கலெக்டர் வரமாட்டார் என்ற தைரியம்தான்.

அவர் என்னை விட்டுவிட்டு, அலமாரி ஓரம் நின்ற கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீதான எழுதன? நீயே அழி. அழிக்கலன்னா தெருப்பக்கம் வந்துடாத."

வேலையில் இருக்கும் ஒரு பெண்ணை, அத்தனை வாசகர்கள் முன்னால், நீ வா போ என்று பேசுகிறார். தெருவே இவர் பாட்டன் சொத்து மாதிரி. மரியாதையாகப் பேசுங்கள் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

கொளஞ்சியம்மாள் என்னைக் கையமர்த்தினார். நேராகப் பலகைக்குப் போனார். டஸ்டரை எடுத்தார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜெயராஜ் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

வேண்டாம் தாயே, அழித்துவிடாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். இன்று இந்தப் பெயர் போனால் நாளைக்கு என் படத்தை அழிக்க ஒருவர் வருவார். அதற்கு அடுத்த நாள் அலமாரியில் கை வைக்க ஒருவர் வருவார்.

கொளஞ்சியம்மாள் டஸ்டரை ஜன்னல் திட்டில் வைத்தார். சாக்பீஸை எடுத்தார். மோகனப்பிரியா என்ற பெயருக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் ஒரே ஒரு எழுத்தை எழுதிப் புள்ளி வைத்தார்.

"மா."

வந்தவர் முகம் செத்துப்போனது. பலகையை நோக்கிக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்று, மேலே இருக்கும் கேமராவைக் காட்டினேன். அது ஓடுவதில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு படியிறங்கிப் போய் வண்டியைக் கிளப்பினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு இதுதான் மருந்து என்றேன். ஆனாலும் பயமாக இருந்தது. தெருப்பக்கம் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். எப்போதும் போலச் சாயங்காலம் போவேன், நான் போய் உலை வைத்தால்தான் சிலருக்குச் சோறு என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. யூடியூப்பில் அந்தப் பெண்ணின் பெயர் வெறும் மோகனப்பிரியாதான். முன்னெழுத்து இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன்.

கொளஞ்சியம்மாள் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இப்பப் போனாரே, அவரோட எழுத்துதாங்க மேடம். மாயவன். எங்க வூட்டுக்காரரு. வேற சாதியில கட்டிக்கிட்டான்னு, உசுரோட இருக்கிற எங்க பொண்ணுக்கு, தான் மொட்ட போட்டுக்கிட்டு, ஊரக் கூட்டிக் கருமாதி பண்ணாரு. இனிஷியல எடுக்க மட்டும் அவரால முடியாதுங்களே."