ஆளுக்கு ஒரு வரி

டீக்கடை பெஞ்சில் சுவரோரமாக ஹபீபுல்லா. அவருக்குப் பக்கத்தில் ஸ்ரீமதி. எதிர் பெஞ்சில் முத்துராஜ். அதே பெஞ்சின் கடைசியில், சாரல் மேலே தெறிக்கிற இடத்தில், ஆவுடைநாயகம்.

ஆளுக்கு ஒரு வரி எழுதவேண்டிய தாள் அந்த வரிசையில்தான் சுற்றி வரும். கடைசியாக எழுதுகிறவனை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் அங்கே போய் உட்கார்ந்திருந்தார்.

நாலு பேரும் தினமும் காலை ஐந்து மணிக்குத் தென்காசியில் கிளம்பி, குற்றாலம் ரோட்டில் ஒன்றாக நடக்கிறவர்கள். ஹபீபுல்லாவுக்கு ஜவுளிக்கடை. ஸ்ரீமதிக்கு இலஞ்சியில் தையல் கடை. முத்துராஜ் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஆவுடைநாயகம் முப்பது வருடமாகப் பத்திர எழுத்தர்.

போன மாதம் ஐந்தருவி ஏற்றத்தில் ஓடும்போது ஹபீபுல்லா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நடக்கலாம், ஓடக் கூடாது என்றார். ஷார்ஜாவில் இருக்கும் மகன் யாசரிடம் யாரும் மூச்சு விடக்கூடாது என்று ஹபீபுல்லா மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாத்திரையையும் போட்டுக்கொண்டார், ஓட்டத்தையும் விடவில்லை.

பத்தே நாளில் யாசருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போய்ச் சேர்ந்தது.

யாசர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். வாப்பாவை இனி ஓடவிட மாட்டோம், நடை மட்டும்தான் என்று கூட நடக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வரி, அவரவர் கையால் எழுதித் தரவேண்டும். வாட்ஸ்அப் படம் செல்லாது, தாள்தான் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த மாதம் அவனே வந்து வாப்பாவை ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அங்கே நாலாவது மாடி. நடப்பதற்கு வராந்தாதான்.

ஸ்ரீமதி தாளை மடியில் வைத்து எழுதினாள்.

"சோத்தத் திங்குத கையால அந்த மொட்டக் கடுதாசிய எப்படித்தான் எழுதுனாவளோ" என்று சொல்லிக்கொண்டே முத்துராஜிடம் நீட்டினாள். கடை திறக்க நேரமாகிவிட்டது. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

"என் கையெழுத்தப் பாத்து மருந்துச் சீட்டுன்னு நெனச்சு உங்க மவன் மாத்திர வாங்கிரப் போறான் பாய்" என்றான் முத்துராஜ். எழுதி முடித்து ஊதிக் காயவைத்தான். "ஒரு வகையில நல்லதுதான். அந்தக் கடுதாசியையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்தாம்னா, எழுதுன களவாணி யாருன்னு தெரிஞ்சிரும்லா."

தாளை ஆவுடைநாயகத்தின் முன்னால் வைத்துவிட்டு, மழை என்று அன்றைக்கு ஓட்டிவந்திருந்த பைக்கைத் துடைக்கப் போனான்.

ஆவுடைநாயகம் பேனா மூடியைக் கழற்றினார்.

ராத்திரி முழுக்கப் பழகிப் பார்த்திருந்தார். எழுத்தை இடப்பக்கம் சாய்க்கவேண்டும். சுழியைக் குறைக்கவேண்டும். 'ழ'வின் காலை நீட்டக்கூடாது. முப்பது வருடம் ஒரே மாதிரி எழுதிய கை. மொட்டைக் கடுதாசியையும் அந்தக் கைதான் எழுதியிருந்தது. கடல் தாண்டிப் போகிற தாளை யார் ஒத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு நினைத்துவிட்டார்.

ஏன் எழுதினோம் என்று கேட்டால் பயம் என்று சொல்லலாம். அது பாதி உண்மை.

சர்க்கரை முந்நூறைத் தொட்ட பிறகும் படுக்கையை விட்டு எழாத மனுஷர் அவர். இரண்டு வருடமாக, கேட்டுக்கு வெளியே "எந்திச்சாச்சாவே" என்று ஹபீபுல்லா கொடுக்கிற குரலுக்குத்தான் எழுந்தார். முத்துராஜ் வந்து சேர்ந்த பிறகு ஹபீபுல்லா ஓட ஆரம்பித்தார், ஸ்ரீமதியும் கூடவே. ஆவுடைநாயகத்துக்கு முட்டி ஓடவிடாது. முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் தனியாக நடந்தார். நண்பர் மறுபடியும் தன்னோடு நடந்துவந்தால் போதும் என்றுதான் எழுதினார். விசா வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை.

இப்போது எழுத்து ஒத்துப்போய்விட்டால், நாளை ஐந்து மணிக்குக் கேட்டில் அந்தக் குரல் கேட்காது.

பேனா முனை தாளைத் தொட்டது. முதல் எழுத்து தன்னால் வலப்பக்கம் சாயப் பார்த்தது.

பேனாவுக்கு அடியிலிருந்து தாள் உருவிக்கொண்டு போனது.

ஹபீபுல்லா எழுந்து வந்து முன்னால் நின்றிருந்தார். தாளை மூன்றாக மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தினார்.

"பாய், நான் இன்னும் எழுதல."

"நீரு எழுத வேண்டாம்."

முத்துராஜ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தான். ஹபீபுல்லா குரலைத் தாழ்த்தினார்.

"எம்மவன் கடுதாசிய போன்ல வாசிச்சான். பதினெட்டாந்தேதி காலைல ஆறு மணின்னு இருந்துச்சாம். 18ன்னு எண்ணுல போட்டு, பக்கத்துலயே பதினெட்டுன்னு எழுத்துலயும் எழுதிருந்துச்சாம். ஆறுக்கும் அப்படியேதானாம். நெஞ்சுவலிக்கு எவம்வே கிரையப் பத்திரம் எழுதுவான்?"

ஆவுடைநாயகம் பேனாவை மூடப் பார்த்தார். மூடி கையில் நிற்காமல் பெஞ்சுக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"கூட நடக்குறது ரெண்டு பேருன்னுதான் அவன்கிட்ட சொல்லிருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவர் ஆவுடைநாயகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாளை உறைக்குள் செருகினார். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். ரோட்டைக் கடந்து போய் முத்துராஜின் சட்டைப் பையில் வைத்து, "போற வழியில ஸ்பீடு போஸ்ட்ல போட்ரு தம்பி" என்றார்.

பைக் தென்காசிப் பக்கம் போனது. உறைக்குள் இரண்டு வரிதான் இருந்தது.