லானி பிரூவிட் வருகிறார்

"லானி பிரூவிட்! அமெரிக்காவிலிருந்து நேரில்! ஞாயிறு மதியம்!"

பர்ன்லி நடன அரங்கின் வாசலில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்ததும் நெவில் என்ட்விசில் நடையை நிறுத்திவிட்டான். லானி பிரூவிட் என்று ஒரு பாடகர் உலகத்திலேயே கிடையாது. முடி வெட்டுகிறவரின் பெயரில் பாதியும் மிட்டாய் டப்பாவின் பெயரில் பாதியும் சேர்த்து, போன வருடம் குளியல் தொட்டியில் உட்கார்ந்து நெவிலே உண்டாக்கிய பெயர் அது.

நடன அரங்குகளில் ரெக்கார்டு போடுகிற எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். அமெரிக்காவில் யாரும் சீந்தாத ஒரு பழைய இசைத்தட்டு அவன் கையில் சிக்கியது. லேபிளை வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்து, மேலே பொய்ப் பெயரை எழுதிவிட்டான். நிஜப் பெயர் வெளியே கசிந்தால், இந்த பர்ன்லி அரங்கை நடத்துகிற ஆலரன்ஷா மாதிரிப் போட்டிக்காரர்கள் எப்படியாவது இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஒரு பாட்டுக்காக ரயிலேறி, அவன் ரெக்கார்டு போடுகிற போல்டனுக்கு வருகிற கூட்டம் எதற்கு வரும்? வாரமெல்லாம் லேத் மிஷினோடு மல்லுக்கட்டுகிற நெவிலை நாலு பேர் மதிப்பதே அந்தத் தட்டால்தான். நிஜப் பெயரைக் கட்டின மனைவியிடம்கூட அவன் சொன்னதில்லை.

"இல்லாத ஆள எப்படிக் கூட்டிட்டு வருவான் இந்த ஆலரன்ஷா? ஃபிராட்டுப் பய! ஊரையே ஏமாத்தறான்" என்று பல்லைக் கடித்தான்.

"ஆமா, நீ ரொம்ப யோக்கியம்" என்றாள் அவன் மனைவி மோரின். "பேசாம வேடிக்கை பாரு, சிரி, வீட்டுக்கு வா. நீ வாயத் திறந்தா உனக்குத்தான் நஷ்டம்."

"எனக்குத் தெரியாதா?"

"எனக்கு வேற ஒண்ணு இடிக்குது. டீகூட ஓசியில தராத மனுஷன், நமக்கு டிக்கெட்டும் அனுப்பி, மேடைய ஒட்டியே நாற்காலியும் போட்டு வச்சிருக்கான். எதுக்கு?"

"எதுக்கு? என் வயித்தெரிச்சலக் கிளப்பத்தான்."

உள்ளே வழுக்கி ஆடுவதற்காகத் தரையெல்லாம் பவுடர் தூவியிருந்தது. தொளதொள கால்சட்டை போட்ட பையன்கள் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தார்கள். நெவிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் தன்பாட்டுக்கு ஆடியது, நகம் ஒன்றும் மிச்சமில்லை. மேடையை மேலும் கீழும் பார்த்தான். ஒரு மைக்கைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"டிரம்ஸ் இல்ல, கிட்டார் இல்ல. எதை வச்சுப் பாடப்போறானாம்?"

"பாடட்டும், பாடாமப் போகட்டும். நீ உக்காரு" என்று மோரின் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

பாட்டு நின்றது. வெல்வெட் கோட்டில் ஆலரன்ஷா மேடையேறினார். பின்னாலேயே நீலக் கோட்டு சூட்டு அணிந்த உயரமான கறுப்பர் ஒருவர் வந்தார். கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துபோயிருந்தது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

"வணக்கமுங்க, ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். அமெரிக்காக்காரர் என்று சொல்லப்பட்டவரின் வாயில் பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டு பேச்சு மணந்தது. நெவில் வாய்க்குள் சிரித்துக்கொண்டான்.

"லானி, அந்தப் பாட்டு எப்படிப் பிறந்துச்சு? நம்ம பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார் ஆலரன்ஷா.

"அதுவா? சும்மா சிகரெட் செலவுக்குப் பாடினது. பாதித் தூக்கத்துல வந்து பாடிட்டுப் போனேன்."

கூட்டம் சிரித்தது. நெவிலுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்ப, நடுவுல குரல் அப்படியே உடையுமே, எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திட்டுக் கை தட்டுவாங்களே, அந்த இடம்?"

"அது கொட்டாவிங்க."

அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று நெவில் அந்த ஒரு இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கோட்டு நுனி மோரின் கையை விட்டு நழுவியது. ஒரே தாவலில் அவன் மேடையில் இருந்தான்.

அவன் மைக்கைப் பறித்தபோது ஆலரன்ஷா தடுக்கவில்லை. மைக்கின் வயரைக்கூடத் தாராளமாக நீட்டி விட்டுக்கொடுத்தார்.

"கொட்டாவியா? டேய், கொட்டாவியா?" நெவிலின் குரல் அரங்கம் முழுக்க எதிரொலித்தது. "லானி பிரூவிட்டுன்னு எவனுமே இல்ல! நான் வச்ச பேரு அது! பாடினவரு எஸ்ரா டல்லிவர்! டெட்ராய்ட்டு எஸ்ரா டல்லிவர்! உசுரக் குடுத்துப் பாடியிருக்காருய்யா அந்த மனுஷன்!"

அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில் நெவிலுக்கு ஒரு கணம் நெஞ்சே லேசாயிற்று. பிறகுதான் கீழே பார்த்தான். மோரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பின்னால் ரெக்கார்டு விற்கிறவர்களின் மேஜையோரம் ஒவ்வொரு வாயும் சத்தமில்லாமல் எஸ்ரா டல்லிவர், எஸ்ரா டல்லிவர் என்று அசைந்தது. ஒருவன் அதற்குள் டெலிபோனைத் தேடி வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

ஆலரன்ஷா முகத்தில் கோபமே இல்லை. மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கி, அதன் சுவிட்சை அணைத்தார். நீலக் கோட்டுக்காரரின் தோளில் தட்டினார்.

"வேலை முடிஞ்சிடுச்சு எக்பர்ட், நீ பாட வேணாம்."