பை இல்லாத மெஷின்

தூசி உறிஞ்சும் புது மெஷின் மூன்றாவது முறையாக முக்கி, முனகி, நின்றது.

கூடத்தில் பாதிகூட முடியவில்லை.

'உள்ள எவ்வளவு அழுக்கு சேருதுன்னு நீங்களே பாக்கலாம் சார்' என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவன் பார்த்தான். கண்ணாடிபோன்ற அதன் வயிற்றில் சாம்பல் நிறத் தூசி. வடிகட்டியைச் சுற்றி மனைவியின் நீள முடி.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இருவரும் பேசி நான்கு நாளாகிறது.

அவளை ஒரு வார்த்தை கேட்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பை வைத்த மெஷினைக் கடையில் கொடுத்துவிட்டு, இதைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்று தொடங்கியது.

முதலில் பேசுகிறவர் தோற்றவர்.

ஃபிரிஜ்ஜிடம் பேசுவது சேர்த்தி இல்லை.

"வடிகட்டியக் கழுவிப் போட்டா ஒரு நாள் பூரா காயணுமாம்," என்றாள் ஃபிரிஜ்ஜிடம். "புது மாப்பிள்ளை மாதிரி, ஒரு வேலையும் செய்யாம கொடியில உக்காந்திருக்கும்."

அவன் மெஷினின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "புதுசுல எல்லாம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். போகப்போக சரியாயிடும்."

"பன்னண்டு வருஷமாச்சு," என்றாள். "இன்னும் சரியாகல."

ஃபிரிஜ் அவள் கட்சி.

தூசி சேரும் பெட்டியைக் கழற்றினான். பால்கனிக்குப் போயிருக்கலாம். வீறாப்பு விடவில்லை. குப்பைக்கூடையின் மேல் கவிழ்த்து, ஓங்கி ஒரு தட்டு.

புஸ்ஸென்று கிளம்பியது.

அரைமணி நேரம் உறிஞ்சியதெல்லாம் ஒரு நொடியில் வீட்டுக்கே திரும்பியது. சோபாவில். டிவியில். ஆய்ந்த கீரையில்.

நடுவில் அவன். இமைவரை சாம்பல்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தாலும் தோல்விதான்.

அவன் தும்மினான். ஜன்னல் அதிர்ந்தது.

"நூறு வயசு!"

பன்னிரண்டு வருடமாக, அவன் தும்மினால் அவள் வாயில் தானாக வருவது. வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். காலம் கடந்துவிட்டது.

இனி அவன் கொக்கரிப்பான். ஃபிரிஜ்ஜைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்.

அவன் குனிந்தான்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். சுத்தமாகக் காலி. ஆனாலும் அதை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி தட்டினான்.

தும்மல் வரவில்லை.

கண்ணை மூடினான். தலையைப் பின்னால் சாய்த்தான். மிகுந்த சிரமப்பட்டு ஒரு பொய்த் தும்மலை உண்டாக்கினான்.

அவனுடைய தும்மலை அவளுக்குத் தெரியாதா?

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இருநூறு."