பொதுமக்கள் மகிழ்ச்சி

பேப்பரில் பெமிலா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்ற பெமிலாவுக்கு அழுகை வந்தது.

'கொல்லாவிளைக்கு மீண்டும் பஸ்! அமைச்சர் அதிரடி உத்தரவு. பொதுமக்கள் மகிழ்ச்சி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. திங்கட்கிழமை முதல் பஸ் ஓடும் என்றும், அமைச்சருக்கு ஊரே நன்றி சொல்கிறது என்றும் கீழே அளந்திருந்தார்கள்.

டிப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அப்படி ஒரு உத்தரவே வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

கொல்லாவிளைக்குக் காலையில் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு பஸ். அதை நம்பித்தான் நாகர்கோவிலில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்தாள். பஸ்ஸை நிறுத்திய பிறகு மெயின் ரோடு வரை நடந்து, கிடைத்த வண்டியில் தொங்கிக்கொண்டு போனாலும் தினமும் லேட். இனியும் லேட்டானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் போன வாரம் நிருபர் முருகதாஸைப் பார்க்கப் போனாள். தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டே பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர். ஒரு காலத்தில் அவர் எழுதினால் அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்குமாம். இப்போது அமைச்சர் தும்மினால்கூட எழுச்சியுரை என்று போடுகிற ஆள் என்று ஊரே கேலி பேசியது. வேறு நிருபரைத் தெரியாத பாவத்துக்கு அவரிடமே போய் நின்றாள்.

மனிதர் பொறுமையாகக் கேட்டார். போகிற போக்கில், ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷமாக டாக்டர் இல்லை என்பதையும் கொட்டித் தீர்த்தாள். கொல்லாவிளைக்கே வந்து, பஸ் ஸ்டாப்பில் அவளை நிறுத்தி, போனில் படம் எடுத்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். பஸ் வராததற்கு எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தோன்றினாலும், படம் நன்றாக விழட்டுமே என்று சிரித்து வைத்தாள்.

அதன் லட்சணம் இது.

டீக்கடை தாணுலிங்கம் அவளைக் கண்டதும், கட்சியில் எப்போது சேர்ந்தாய் என்று விசாரித்தார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெமிலா வந்த கோபத்தில் நேரே தக்கலைக்கு நடந்தாள்.

"வராத பஸ்ஸுக்கு எனக்க பல்லக் காட்டி படம் போட்டிருக்கியளே. ஜால்ரா அடிக்கதுக்கு எனக்க மூஞ்சிதான் கெடச்சுதா?"

முருகதாஸ் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"திங்கக்கெழம வரைக்கும் பொறு மக்கா."

"டிப்போல கேட்டாச்சு. அப்பிடி உத்தரவே இல்லன்னு சொல்லுதாவ."

"இப்ப இல்லதான்" என்றார் அவர், சாவகாசமாக.

இந்த மனிதரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பஸ் ஸ்டாப்பில் கட்சிக்காரர்கள் ஏணி போட்டு ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் தந்த அமைச்சருக்குக் கோடி நன்றியாம். இது வேறயா என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ் வந்தேவிட்டது.

முன்னால் வாழைக்கன்று கட்டி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்தார்கள். டிப்போ அதிகாரி ஒருவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி ஓரமாக நின்றார். தாணுலிங்கம் ரெண்டு லட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்ற பெமிலாவை மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம் தக்கலையில் இறங்கி, ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அன்றைக்குப் பேசியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"உத்தரவு வரப்போவுதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணே?"

"நான் எழுதும்போ எவனும் உத்தரவு போடல்ல மக்கா" என்றார் முருகதாஸ், சிப்ஸைக் கொறித்துக்கொண்டே. "பஸ் இல்லாம சனங்க படுத பாட்ட எத்தனையோ மட்டம் எழுதி அனுப்பியாச்சு. ஒண்ணும் அச்சுல வரல்ல. கவர்மென்ட் விளம்பரத்துலதான் பத்திரிக ஓடுது, கொற சொல்லி அனுப்பாதியன்னு ஆபீஸ்ல சொல்லுதாவ. பாராட்டி எழுதினா மட்டும் ஒரு எழுத்து வெட்ட மாட்டாவ."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் பாராட்டினேன். பேப்பரப் பாத்துட்டு அமைச்சருக்கு ஆளாளுக்குப் போன்ல வாழ்த்து. வந்த வாழ்த்த வேண்டாம்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? ஒடனே டிப்போவக் கூப்பிட்டு, எனக்க பஸ் எங்கவேன்னு சத்தம் போட்டிருக்காரு."

பெமிலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முருகதாஸும் சிரித்தார்.

"முந்தி ஏசி எழுதி வாங்கிக் குடுத்தேன். இப்ப பொகழ்ந்து வாங்குதேன். எழுதுதது பொய்யின்னு எனக்கும் தெரியும். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது."

பெமிலாவுக்கு அவர் மேல் அப்படியொரு பிரியம் வந்தது. டீக்கடையில் இனி யாராவது இவரை ஜால்ரா என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தபடி கிளம்பினாள்.

"ஒரு நிமிஷம் நில்லு மக்கா." முருகதாஸ் போனை எடுத்து அவள் பக்கம் பிடித்தார். "அன்னைக்கு மாதிரியே கொஞ்சம் சிரி."

"பஸ் வந்ததுக்கா அண்ணே?"

"இல்ல மக்கா. உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்ததுக்கு."

பெமிலா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.