டீக்கு முன்பா, பின்பா?

"டீ ஆறுது பாய். குடிச்சிட்டு மாட்டு. கதவு எங்கியும் ஓடிடாது."

தணிகாசலம் கடைசியாக மெஹபூப் பாஷாவிடம் சிரித்துச் சொன்னது அதுதான். திருத்தணி ஷெட்டில், அவனுடைய பிக்கப் வண்டியின் பின்கதவைக் கழற்றி, நெளிந்த கீலைச் சரிசெய்து, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார் பாஷா. கதவில் ரிவர்ஸ் கேமரா இருந்தது. அதன் வயரை வண்டி வயரோடு சேர்க்கும் கப்ளர், கதவுக்குள்ளே கீல் ஓரம் ஒளிந்திருக்கும்.

"கேமரா பளிச்சுனு தெரியணும் பாய். எப்பவும் நானேவா ஓட்டிகினு இருப்பேன்?" என்று வண்டியை விட வந்தபோதே சொல்லியிருந்தான்.

பாஷா டீயை வாங்கினார். நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே கதவை முடுக்கினார். எப்போதும் ரிவர்ஸ் போட்டுத் திரையைப் பார்த்துத்தான் வண்டியை அனுப்புவார். அன்று அதுவும் விட்டுப்போனது.

மறுநாள் காலை, வீட்டுக் காம்பவுண்டுக்குள் வண்டியின் பின்னால் நின்று "வா... வா..." என்று கைகாட்டிக்கொண்டிருந்த தணிகாசலத்தை, அந்தக் கதவே சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஓட்டியது தம்பி பாலமுருகன் என்றது ஊர். பெரியவர்கள் பேசி, விஷயத்தைப் போலீஸ் வரை போகாமல் அடக்கினார்கள்.

கப்ளரை மாட்டியது டீக்கு முன்பா, பின்பா? மாட்டினோமா, இல்லையா? பாஷாவுக்குத் தூக்கம் போயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தணிகாசலத்தின் மனைவி தமிழ்செல்வி ஆள் அனுப்பினாள்.

உடலை எடுக்கக் கையால் கொஞ்சம் முன்னே தள்ளியதோடு சரி, வண்டி சாவு நடந்த இடத்திலேயே நின்றது. அதன் மறுபக்கத்திலிருந்து தமிழ்செல்வி வந்தாள். பக்கப் பலகைக்கு மேல் அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. அண்ணனைப் போலவே ஆறடி வளர்ந்த பாலமுருகன் நிலைப்படியில் குனிந்து வெளியே வந்தான்.

"கதவைக் கழட்டுங்க பாய். கேமரா வயர் உள்ள மாட்டி இருக்குதா, இல்லியான்னு நான் பார்க்கணும்."

"கழட்டுவானேன்மா? சாவி போட்டு ரிவர்ஸ் தட்டினா திரையிலயே தெரிஞ்சிடும்."

"வேணாம்." குரல் சட்டென்று உயர்ந்தது. "அந்த சீட்ல யாரும் ஏறக் கூடாது."

பாலமுருகன் குறுக்கே வந்தான். "உடுங்க அண்ணி. எம் மேலதான் தப்பு. பாயை எதுக்கு இழுக்கறீங்க?"

"நீ சும்மா இரு. பொண்ணு தர்றேன்னவங்க ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்க. அண்ணனைக் கொன்னவன்னு டீக்கடையில பேசறாங்க. கேமரா ஓடலன்னா, ஓட்டினவங்க மேல தப்பில்ல. ஓடியிருந்தா..."

பாஷா ஸ்பேனரை எடுத்தார். மலைக்கோயில் மைக்கில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பக்கச் சங்கிலிகள் கழன்றன. கீல் போல்ட்டில் ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது.

"மெதுவா புடி பாலா. வெடுக்குனு இழுத்தா வயர் அறுந்துடும்."

கதவு ஒரு சாண் விலகியது. பாஷாவின் கை அந்த இடுக்குக்குள் போயிற்று. கப்ளர் கழன்று தொங்கினால் ஓர் அழுத்து போதும். சத்தம்கூட வராது. இருபத்தைந்து வருட ஷெட்டும் பெயரும் தப்பிவிடும். விரல் நுனிக்கும் கப்ளருக்கும் இடையே நூலளவு இருந்தபோது, கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"நான் தொடல. போன்ல டார்ச் அடிச்சு நீயே பாரும்மா."

தமிழ்செல்வி குனிந்து வெளிச்சம் அடித்தாள். கப்ளர் கவ்விப் பிடித்தபடி இருந்தது. மேலே புதிதாகப் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை.

"மாட்டித்தான் இருக்குது பாய்" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

பாஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினேழு நாள் பாரம் இறங்கிய வேகத்தில் கோபம் வந்தது.

"அப்போ நீ இன்னாத்தைப் பார்த்துகினு ஓட்டின பாலா? ஒரு செகண்டு திரையைப் பார்த்திருந்தா உங்க அண்ணன் இருந்திருப்பானே!"

"ஆங் பாய். நான்தான் பார்க்கல." ஒப்பித்தது போலச் சொன்னான்.

அவன் தலை தொங்குவதைப் பார்த்ததும் பாஷாவுக்கு மனசு கேட்கவில்லை. "இருப்பா. கப்ளர் சரியா இருந்தும் கேமரா செத்துப் போயிருக்கலாம். திரையைப் பார்க்காம எதுவும் சொல்ல முடியாது."

தமிழ்செல்வி உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள்.

"அண்ணி, வேணாம்! புள்ள அபியை நெனச்சுப் பாருங்க. அவனுக்கு நீங்கதான் இருக்கீங்க."

"கதவைத் தூக்கிப் புடி பாலா. பாய் ஏறட்டும்."

சாவியைப் பாஷாவிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றாள்.

பாஷா வண்டிக்குள் ஏறினார். முட்டி இடித்தது, வயிறு ஸ்டீயரிங்கில் அழுந்தியது. அப்படியே இடுக்கிக்கொண்டு, இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் தட்டினார். திரை பளிச்சென்று விரிந்தது. சுவர் தெரிந்தது. தணிகாசலம் நின்ற இடத்தில் தமிழ்செல்வி கண்ணை மூடி நிற்பது தெரிந்தது.

மூச்சு முட்டி, சீட்டைப் பின்னால் தள்ள அடியில் இருந்த கம்பியைத் துழாவிய பாஷாவின் கை பாதியில் நின்றது.

பாலமுருகன் உட்காரவே முடியாத அளவுக்கு, தமிழ்செல்வியின் கால் பெடலுக்கு எட்டும் அளவுக்கு, ஸ்டீயரிங்கை ஒட்டி இழுத்துவிட்ட அந்த சீட் பதினேழு நாளாக நகராமல் அப்படியே இருந்தது.